பெரிய கம்பெனிகள் விலகும் கன்சோலுக்கு நாங்கள் கேம் செய்யலாமா?

கேள்வி

கோயம்புத்தூரிலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கல்லூரி நண்பர்கள் இருவருடன் சேர்ந்து சிறிய கேம் ஸ்டூடியோ நடத்துகிறார். கணினிக்காக அவர்கள் செய்த புதிர் கேம் ஓரளவு நன்றாகவே விற்றிருக்கிறது. இப்போது வெளிநாட்டு பப்ளிஷர் (கேமை வெளியிட்டு விற்பவர்) ஒருவர், அந்த கேமை ஒரு குறிப்பிட்ட கன்சோலுக்கு, அதாவது கேம் விளையாடுவதற்கென்றே செய்த மெஷினுக்கு, போர்ட் செய்து (அதில் ஓடும்படி மாற்றி) தந்தால் அட்வான்ஸ் தருவதாகச் சொல்கிறார். நிபந்தனை, இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எந்தக் கன்சோலிலும் அது வரக்கூடாது. கையெழுத்துப் போட்டுவிடு என்கிறார்கள் வீட்டில். பெங்களூரில் பெரிய ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் நண்பரோ, "அந்தக் கன்சோலுக்கு அடுத்த வருஷம் எங்கள் கம்பெனி எதுவும் செய்யவில்லை. இன்னும் இரண்டு கம்பெனிகளும் அப்படித்தான்" என்று காதில் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை.

அவருடைய கேள்விகள் நான்கு. இவ்வளவு சக்தி வாய்ந்த மெஷினை வெளி டெவலப்பர்கள் (கேம் செய்யும் வெளி நிறுவனங்கள்) ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள்? பெரியவர்கள் போய்விட்டாலே கன்சோல் முடிந்தது என்றுதானே அர்த்தம்? நடுவழியில் அப்படி ஆனால் கன்சோல் நிறுவனம் ஈடு தருமா? எக்ஸ்க்ளூசிவ் நிபந்தனை இந்தியச் சட்டப்படி செல்லாது என்று ஒருவர் சொன்னது சரியா?

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தோடு கன்சோல் நிறுவனத்தின் டெவலப்பர் ஒப்பந்தத்தில் சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். என்னவென்று புரிந்ததுமே, மேற்கொண்டு படிக்காமல் அழித்துவிட்டேன். அந்த ஒப்பந்தத்தின் முதல் வாக்குறுதியே ரகசியம் காப்பதுதான். நீங்கள் கட்டணம் கொடுத்து நியமிக்கும் வக்கீலிடம் காட்டுவதற்குப் பெரும்பாலும் அதில் இடம் இருக்கும். பத்திரிகைக்கு எழுதும் வக்கீலிடம் காட்ட இடம் இருக்காது. கேம் செய்து சோதிக்கக் கன்சோல் நிறுவனம் தரும் டெவ்கிட் மெஷினும் அப்படித்தான். அது உங்கள் அலுவலகத்தில் இருந்தாலும் அவர்களுடைய சொத்து. அதைப் படம் எடுத்து எங்கேயாவது போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விகள்.

மெஷினின் பலத்தைப் பார்த்து யாரும் வருவதில்லை

கன்சோல் சக்தி வாய்ந்ததாக இருந்தால் டெவலப்பர்கள் தானாக வருவார்கள் என்று நினைக்கிறீர்கள். இந்தத் தொழிலின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1993-ல் வந்த 3டிஓ கன்சோல் அன்றைய நிலையில் நல்ல பலசாலி. டெவலப்பர்களிடம் வாங்கிய ராயல்டியும் ஒரு டிஸ்க்குக்கு வெறும் 3 டாலர். ஆனால் மெஷினின் விலை 699 டாலர். வாங்க ஆள் இல்லை, கேம் செய்தவர்களும் நிலைக்கவில்லை.

அப்புறம் நிண்டெண்டோ 64. பல விதங்களில் சோனியின் பிளேஸ்டேஷனைவிடத் திறமையானது. இருந்தும், அதுவரை நிண்டெண்டோவோடு ஒட்டி உறவாடிய ஸ்கொயர் நிறுவனம் ஃபைனல் ஃபேன்டசி 7-ஐ 1997-ல் பிளேஸ்டேஷனில் வெளியிட்டது. காரணம், நிண்டெண்டோ கேமைப் பதிந்து விற்ற கார்ட்ரிட்ஜ் என்ற சிப் பெட்டி. ஒரு சிடியில் ஏறக்குறைய 650 எம்பி கொள்ளும். நிண்டெண்டோ 64-ன் கார்ட்ரிட்ஜ் மிகப் பெரியதே 64 எம்பிதான். ஸ்கொயர் செய்த கேம் 3 சிடிகளை நிரப்பியது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் காசு. சிடி அச்சடிப்பது மலிவு, நன்றாக விற்றால் சில நாட்களில் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜை நிண்டெண்டோ மூலமாகத்தான் செய்ய வேண்டும், முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துப் பணமும் கட்ட வேண்டும். விற்காமல் தேங்கினால் நஷ்டம் பப்ளிஷர் தலையில். அந்தத் தலைமுறையில் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது, நிண்டெண்டோ 64 ஏறக்குறைய 3.3 கோடி.

வேலை செய்யக் கஷ்டமான மெஷினை டெவலப்பர்கள் விட்டுவிடுவார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளேஸ்டேஷன் 2 புரோகிராம் செய்யப் படாத பாடு படுத்தியது. யாரும் போகவில்லை, ஏனென்றால் 15 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் அது இருந்தது. பிளேஸ்டேஷன் 3 இன்னும் மோசம். பிளேஸ்டேஷன் 4-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2013-ல் ஒரு உரையில் இதை வெளிப்படையாகவே கணக்குப் போட்டுக் காட்டினார். திரையில் முதல் முக்கோணத்தை வரைந்து (முப்பரிமாணப் படங்கள் முக்கோணங்களால்தான் ஆனவை) கேமின் அடிப்படை மென்பொருளான எஞ்சினை ஓடவிட, முதல் பிளேஸ்டேஷனில் 1 முதல் 2 மாதம், இரண்டாவதில் 3 முதல் 6 மாதம், மூன்றாவதில் 6 முதல் 12 மாதம். நான்காவதில் மறுபடி 1 முதல் 2 மாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். டெவலப்பர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அந்த மெஷினை உருவாக்கினார்கள்.

ஆக, ஒரு கேமுக்கு எத்தனை ஆள், எத்தனை மாதம், எவ்வளவு பணம் போகும், அது வெளிவரும் நாளில் எத்தனை பேர் வாங்குவார்கள், கன்சோல்காரர் எவ்வளவு எடுத்துக்கொள்வார் என்பதுதான் ஒரு கம்பெனி உட்கார்ந்து போடும் கணக்கு. இன்று எத்தனை பேரிடம் கன்சோல் இருக்கிறது என்பதைவிட, ஒன்றரை வருஷம் கழித்து கேம் முடியும்போது எத்தனை பேரிடம் இருக்கும் என்பதே அவர்கள் கேள்வி. உங்கள் பெங்களூர் நண்பர் சொன்னது அப்படி ஒரு கணக்கின் விடை. அதைப் பொருட்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அது அவருடைய கம்பெனியின் கணக்கு.

பெரியவர்கள் போவதன் கதை

இதற்கு வீ யூ கன்சோலைவிட நல்ல பாடம் கிடையாது. 2011 ஜூனில் நிண்டெண்டோவின் அறிமுக நிகழ்ச்சியில் பெரிய கேம் நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் தலைவர் ஜான் ரிச்சிடெல்லோ மேடையேறி, இதுவரை இல்லாத கூட்டணி என்று பேசினார். கன்சோல் 2012 நவம்பரில் கடைக்கு வந்தது. 2013 மே மாதம், வீ யூவுக்காக எங்களிடம் எந்த கேமும் தயாரிப்பில் இல்லை என்று அதே நிறுவனம் சொல்லிவிட்டது. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

நடுவில் என்ன நடந்தது? ஒரே ஒரு உதாரணம் பாருங்கள். வீ யூ வெளியான அன்று மாஸ் எஃபெக்ட் 3 அதில் 60 டாலருக்கு வந்தது. மற்ற கன்சோல்களில் அது மார்ச் மாதமே வந்த பழைய கேம். அதைவிடக் கொடுமை, அதே நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மாஸ் எஃபெக்டின் மூன்று பாகங்களையும் ஒரே பெட்டியில் போட்டு அதே 60 டாலருக்குக் கொடுத்தார்கள். மூன்று பாகக் கதையின் கடைசிப் பாகத்தை மட்டும் அந்த விலைக்கு வீ யூக்காரர் ஏன் வாங்குவார்? வாங்கவில்லை. இப்படி விற்காமல் போவதைப் பார்த்துவிட்டு, அந்தக் கன்சோல் வைத்திருப்பவர்கள் நிண்டெண்டோ கேம் தவிர வேறு எதையும் வாங்குவதில்லை என்று தொழிலில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அரைமனதாகக் கொடுத்துவிட்டு அது விற்காததையே விலகுவதற்குக் காரணமாகக் காட்டுவதை நான் நியாயமாக நினைக்கவில்லை. காசு கொடுத்துக் கன்சோல் வாங்கியவர்தான் இதில் ஏமாந்தவர்.

நிண்டெண்டோவின் பங்கும் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பழைய வீ கன்சோலின் உபரிக் கருவி என்றே பலர் நினைத்தார்கள். 2013 கடைசியில் சோனியும் மைக்ரோசாஃப்டும் கணினியைப் போன்ற சிப்புகளோடு புதிய கன்சோல்களைக் கொண்டுவந்தபோது, அவற்றுக்குச் செய்த கேமை வீ யூவில் இறக்குவது தனி வேலையாகிவிட்டது. மொத்தத்தில் 1.35 கோடியோடு அந்த மெஷினின் வாழ்வு முடிந்தது.

ரேமேன் லெஜண்ட்ஸ் கேமுக்கு நடந்ததை உங்கள் மாதிரி சிறு குழுக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். யூபிசாஃப்ட் அதை வீ யூவுக்கு மட்டும் என்று அறிவித்து உருவாக்கியது. 2013 பிப்ரவரி கடைசியில் வெளிவர வேண்டும். சில வாரங்களே இருக்கும்போது, எல்லாக் கன்சோல்களிலும் வெளியிடப் போகிறோம், அதனால் செப்டம்பருக்குத் தள்ளுகிறோம் என்று அறிவித்தார்கள். கேம் கிட்டத்தட்ட தயார். பெரிய கம்பெனிக்கு அது சரியான வியாபார முடிவாக இருக்கலாம், ஆறு மாதம் காத்திருக்கப் பணமும் இருக்கிறது. மூன்று பேர் நடத்தும் ஸ்டூடியோவில் தயாரான கேம் ஆறு மாதம் அலமாரியில் கிடந்தால் சம்பளம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியைக் கீழே ஒப்பந்தம் பற்றிச் சொல்லும்போது திரும்ப எடுக்கிறேன்.

"பெரியவர்கள் போய்விட்டாலே கன்சோல் முடிந்தது" என்கிறீர்கள். காய்ச்சலையும் நோயையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறீர்கள். சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலுக்கு எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வரவே இல்லை, அதனால்தான் அது வீழ்ந்தது என்று பலர் சொல்வார்கள். அப்போது சேகா அமெரிக்காவின் தலைவராக இருந்த பெர்னி ஸ்டோலர் பிற்பாடு சொன்னபடி, ஸ்போர்ட்ஸ் கேம்களில் தனக்கு ஏகபோகம் வேண்டும் என்று எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கேட்டது, சேகா மறுத்தது. அதை மட்டும் பார்க்கக்கூடாது. அதற்கு முன்பே சேகா 32எக்ஸ் என்ற கருவியை 1994-ல் விற்று வெகு சீக்கிரம் கைகழுவியது. 1995 மே மாதம் தன் சாட்டர்ன் கன்சோலை யாரிடமும் சொல்லாமல் திடீரென்று அமெரிக்கக் கடைகளில் இறக்கியது. டெவலப்பர்களின் கேம்களோ செப்டம்பரை நம்பித் தயாராகிக்கொண்டிருந்தன. இரண்டு முறை சூடுபட்டவர்கள் மூன்றாவது முறை தயங்கினார்கள். 2000-ல் பிளேஸ்டேஷன் 2 வேறு வந்தது. 2001 மார்ச்சோடு டிரீம்காஸ்ட் தயாரிப்பு நின்றது. விலகல் முதலில் ஓர் அறிகுறி, பிறகுதான் அதுவே காரணமாகவும் மாறுகிறது.

பெரியவர்கள் காலி செய்யும் இடம் சிறியவர்களுக்கு வாய்ப்பாகவும் ஆகலாம். ஒரு சிறு குழு செய்த ஷவல் நைட் என்ற கேம் 2014-ல் வீ யூவிலும் நிண்டெண்டோவின் கையடக்க 3டிஎஸ்ஸிலும் கணினியிலும் ஒன்றாக வந்தது. வீ யூவைப் பெரியவர்கள் கைவிட்டிருந்த நேரம் அது. அங்கேயும் நன்றாக விற்றது. கன்சோல் வைத்திருந்தவர்கள் நல்ல கேமுக்கு ஏங்கிக்கொண்டிருந்தார்கள், ஸ்டோரிலும் நெரிசல் இல்லை. சோனியின் வீட்டா கையடக்கக் கன்சோலையும் பெரிய பப்ளிஷர்கள் விட்ட பிறகு வருஷக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தது சிறு குழுக்கள்தான். ஆனால் ஷவல் நைட் ஒரே கன்சோலை மட்டும் நம்பி வெளிவரவில்லை. உங்கள் கையில் இருப்பது எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம்.

கன்சோல் நிறுவனம் ஈடு தருமா?

தராது. அப்படி எதிர்பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். இவ்வளவு விற்கும் என்றோ, இத்தனை வருஷம் ஸ்டோர் திறந்திருக்கும் என்றோ எந்தக் கன்சோல் நிறுவனமும் சிறு டெவலப்பருக்கு எழுதித் தருவதில்லை. இணையம் வழியாகவே கேம் விளையாட வைத்த தன் ஸ்டேடியா சேவையை மூடப்போவதாகக் கூகுள் 2022 செப்டம்பர் 29 அன்று அறிவித்தபோது, அதற்காக கேம் செய்துகொண்டிருந்த பலருக்கே செய்தியைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது, அது நல்ல செயல். பாதி முடிந்த போர்ட்டோடு நின்ற சிறு குழுக்களின் உழைப்பை எப்படித் திருப்பித் தருவது?

உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது ஊயாவின் கதை. 2012-ல் மக்களிடம் 85 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி உருவான 99 டாலர் கன்சோல். டெவலப்பர்களை இழுக்க, ஆறு மாதம் எங்களிடம் மட்டும் விற்றால் நீங்கள் திரட்டிய நிதிக்கு ஈடாக நாங்களும் தருகிறோம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2015-ல் ஊயாவின் மென்பொருள் பிரிவை ரேசர் நிறுவனம் வாங்கியது. சொத்து கைமாறியது, டெவலப்பர்களுக்குக் கொடுத்த வாக்குறுதி தானாகக் கூடவே போகவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் வேறு நிபந்தனைகளோடு பணம் தர ரேசர் முன்வந்தது. உங்கள் பப்ளிஷர் நாளை யாருக்காவது விற்கப்பட்டால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

எக்ஸ்க்ளூசிவ் செல்லாது என்பது

உங்களிடம் சொன்னவர் 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவை நினைத்துச் சொல்லியிருப்பார். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது அந்தப் பிரிவு. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கு மட்டும் பொருந்தும் கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் பொதுவாக அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. 1995-ல் குஜராத் பாட்டிலிங் நிறுவனத்துக்கும் கோக கோலாவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. தவிர, உங்கள் ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். அது பெரும்பாலும் இந்தியாவாக இருக்காது. அதே மாதிரி, கன்சோல் விற்கவில்லை, அதனால் ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டது என்று 56-வது பிரிவைப் பிடிக்கவும் முடியாது. லாபம் இல்லை என்பது முடியாதது ஆகாது.

சட்டம் தானாக வந்து காப்பாற்றாத இடத்தை நீங்களே எழுதி நிரப்ப வேண்டும்.

ஒப்பந்தத்தில் மாற்றக் கேட்க வேண்டியவை

முதலாவதும் மிக முக்கியமானதும் எக்ஸ்க்ளூசிவ் காலத்தின் தொடக்கமும் முடிவும். "வெளியான நாளிலிருந்து இரண்டு ஆண்டு" என்று மட்டும் இருந்தால், பப்ளிஷர் வெளியிடாமல் ஒரு வருஷம் இழுத்தால் உங்களுக்கு மூன்று வருஷம் கட்டு. நீங்கள் முடித்துக் கொடுத்த நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் கட்டு அவிழும் என்று தேதி போடச் சொல்லுங்கள். ரேமேனுக்கு நடந்தது உங்களுக்கு நடந்தால் கைகொடுப்பது இந்த வரிதான். கன்சோல் தயாரிப்பு நிற்கிறது, அல்லது ஸ்டோர் மூடப்படுகிறது என்று அறிவிப்பு வந்தாலும் அன்றே கட்டு முடிய வேண்டும். இரண்டு ஆண்டை ஆறு மாதமாகவோ ஓர் ஆண்டாகவோ குறைக்கவும் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இரண்டாவது, அடுத்த தலைமுறை மெஷின். வீ யூவின் டிஸ்க்கை நிண்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்சில் போட்டு விளையாட முடியாது. அதனால் வீ யூவில் கவனிக்கப்படாமல் போன பல கேம்கள் ஸ்விட்சுக்குத் தனியாக வந்து நன்றாக விற்றன. உங்கள் ஒப்பந்தத்தில் "கன்சோல்" என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் என்று பாருங்கள். வாரிசு மெஷின்களையும் சேர்த்து எழுதியிருந்தால், அங்கே வெளியிடும் உரிமையையும் இப்போதே கொடுத்துவிடுகிறீர்கள். அதற்குத் தனியாகப் பேச வேண்டும்.

உரிமை திரும்புவது பற்றியும் ஒரு வரி வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவில், வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்று இருக்கிறது, 30ஏ பிரிவு வழியாக லைசென்ஸுக்கும் இது பொருந்தும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் எழுதியதே நிற்கும். அயல்நாட்டுச் சட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். வெளியிடாவிட்டால் போர்ட்டின் புரோகிராம் நிரல் உட்பட எல்லா உரிமையும் ஸ்டூடியோவுக்கே என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

அட்வான்ஸை வருமானம் என்று எண்ணி வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுகிறார்கள். அது உங்கள் ராயல்டியிலிருந்து கழிக்கப்படும் முன்பணம், கழிந்து முடியும்வரை விற்பனையிலிருந்து ஒரு ரூபாயும் வராது. எந்த விற்பனையிலிருந்து கழிப்பார்கள் என்று பாருங்கள். கணினியில் விற்கும் பணத்தையும் சேர்த்துக் கழிக்க இடம் வைத்திருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். வேலையின் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தரும் மைல்ஸ்டோன் பணத்துக்கு, நீங்கள் அனுப்பிய 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். கன்சோல் நிறுவனத்தின் சான்றிதழ் சோதனையில் ஒரு முறை, இரண்டு முறை திரும்பி வருவது சகஜம். அதற்கான மாதங்களையும் செலவையும் கணக்கில் வையுங்கள். திட்டம் அவர்கள் பக்கத்தில் ரத்தானால் அதுவரை செய்த வேலைக்கும், அதற்கு மேல் இரண்டு மூன்று மாதச் சம்பளத்துக்கும் பணம் வர வேண்டும். வெளிநாட்டில் வரி பிடிப்பார்களா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

என் கருத்து

ஒப்பந்தத்தை ஒரேயடியாகத் தட்டிக்கழிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அட்வான்ஸ் உங்கள் மூவரின் போர்ட் வேலைச் செலவு முழுவதையும் தாங்குகிறது, கட்டு அவிழும் தேதிகளும் எழுத்தில் இருக்கின்றன என்றால், அந்தக் கன்சோல் படுத்துவிட்டாலும் நீங்கள் படுக்க மாட்டீர்கள். கன்சோல் வேலையைக் கற்றுக்கொண்டு வெளியே வருவீர்கள், உங்கள் கேமும் உங்களிடமே இருக்கும். அட்வான்ஸ் பாதிச் செலவுக்குத்தான் வரும், மீதியை விற்பனையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டமானால், நண்பர் சொன்ன செய்திக்குப் பிறகு நான் அதில் இறங்கமாட்டேன். கணினிப் பதிப்பை மேம்படுத்துங்கள், எக்ஸ்க்ளூசிவ் கேட்காத பப்ளிஷரைத் தேடுங்கள்.

முடிவெடுக்கும் முன் நீங்களே சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். கன்சோல் நிறுவனம் தன் சொந்த ஸ்டூடியோக்களிலிருந்து அடுத்த ஆண்டுக்கு என்ன அறிவித்திருக்கிறது? தாங்களே செய்யாத மெஷினுக்கு வெளியார் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கூகுள் ஸ்டேடியாவுக்கான தன் சொந்த ஸ்டூடியோக்களை 2021 பிப்ரவரியிலேயே மூடியது, சேவை போனது அதற்குப் பிறகு. நீங்கள் பயன்படுத்தும் கேம் எஞ்சினின் புதிய பதிப்பு அந்தக் கன்சோலை இன்னும் ஆதரிக்கிறதா? உங்கள் மாதிரி கேமை அங்கே வெளியிட்ட இரண்டு சிறு குழுக்களுக்கு எழுதிக் கேளுங்கள். ரகசியம் மீறாமலே, திரும்பவும் அங்கே போவீர்களா என்று கேட்டால் பதில் சொல்வார்கள்.

கன்சோலில் வரப்போகிறது என்று உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே அறிவித்துவிட்டதாகவும், இனி விலகினால் ரசிகர்களுக்குத் துரோகம் ஆகிவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மனசு நல்ல மனசு. ரசிகர்களிடம் முன்பணம் எதுவும் வாங்கவில்லை என்பதால் சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது, உறுதியாகவில்லை என்று நேராக ஒரு பதிவு போடுங்கள். பப்ளிஷரின் பெயரோ நிபந்தனையோ அதில் வர வேண்டாம்.

பப்ளிஷருக்கு எழுதும்போது மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கொட்டாதீர்கள். எக்ஸ்க்ளூசிவ் முடிவு, உரிமை திரும்புவது, அட்வான்ஸ் கழிக்கும் முறை, இந்த மூன்றை மட்டும் முதலில் கேளுங்கள். பதில் வந்ததும், கையெழுத்துக்கு முன் மென்பொருள் ஒப்பந்தம் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் முழு ஆவணத்தையும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கோவையிலும் சென்னையிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.